ஆறு வாசல் இஞ்சித் தண்ணீர்

மகள் என் வயிற்றில் இருந்த மாதங்களில் நான் கைப்பையில் இஞ்சி வைத்துக்கொண்டு திரிந்தேன். அப்போது நான் இருந்த அம்மா வீடு பசறையில். மாதாந்தப் பரிசோதனை பதுளை ஆஸ்பத்திரியில். இரண்டுக்கும் நடுவே ஓடும் பாதையில் நேரான இடம் என்று ஒன்று இருந்தால், அது பஸ் நிற்கிற இடம்தான். தோலைச் சீவி, மெல்லிய வில்லையாக நறுக்கி, உப்பில் தொட்டுக் கன்னத்தில் அடக்கிக்கொள்வேன். முதல் பத்து வளைவு தாண்டும். பிறகு இன்னொரு வில்லை. பக்கத்து ஆசனத்துப் பெண்கள் வெட்கப்படாமல் கை நீட்டுவார்கள். ஒருநாள் கண்டக்டரும் நீட்டினார்.

அப்படிக் குமட்டலை அடக்கித் தந்த பொருளின் மேல் நம்பிக்கை வராமல் என்ன செய்யும்? மகளுக்கு இரண்டு வயதாகி, அவள் சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்ப ஆரம்பித்தபோது என் மனம் நேராக இஞ்சியிடம்தான் போனது.

விஷயம் விளையாட்டில்லை. தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மாதம் ஒருமுறை பிள்ளைகளுக்கு நிறை பார்ப்பார்கள். நிறையை வளர்ச்சி அட்டையில் புள்ளியாக வைத்து, புள்ளிகளைக் கோட்டால் இணைப்பார்கள். மற்றப் பிள்ளைகளின் கோடுகள் தேயிலை மலையைப் போல மேலே ஏறின. என் மகளின் கோடு இரண்டு மாதமாகப் படுத்துக் கிடந்தது.

மிட்வைஃப் மிஸ் பேனா நுனியால் அந்தக் கோட்டைத் தட்டினார்.

“இது ஏறணும் அம்மா. படுக்கக் கூடாது.”

“சாப்பிட மாட்டேங்கிறா மிஸ்.”

“எல்லா அம்மாவும் அதைத்தான் சொல்றாங்க. அடுத்த மாசமும் இப்படியே இருந்தா பதுளைக்குத் துண்டு எழுதுவேன். பெரிய டொக்டர் பார்க்கட்டும்.”

துண்டு என்ற சொல்லைக் கேட்டதும் அட்டையை வாங்கிப் பைக்குள் ஒளித்தேன். நான் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் இருக்கும் இந்தத் தோட்டத்துக்கு மருமகளாக வந்த நாள்முதல் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பின்னேரங்களில் டியூஷன் சொல்லிக் கொடுக்கிறேன். அதனால் எல்லோருக்கும் நான் டீச்சர். சமிபாட்டுத் தொகுதியைப் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொன்னால் இன்றைக்கும் பிழையில்லாமல் குறிப்பேன். அந்தத் தொகுதிக்குள் ஒரு பிடி சோற்றை அனுப்பத்தான் எனக்குத் தெரியவில்லை.

அன்று பொழுது சாய, பதுளையில் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்யும் கணவர் வந்து தேத்தண்ணீர்க் கோப்பையுடன் உட்கார்ந்தார். நான் கொப்பியும் போனுமாக எதிரில் உட்கார்ந்தேன். கொப்பியின் இடப் பக்கத்தில் இஞ்சியின் நன்மைகளை எழுதியிருந்தேன்: பசியைத் தூண்டும், சமிபாட்டுக்கு உதவும், வாய்வைக் கலைக்கும், குமட்டலை அடக்கும், சளிக்கு இதம். வலப் பக்கத்தில் ‘ஆனால்’ என்று தலைப்புப் போட்டிருந்தேன். அந்தப் பக்கம் நிரம்பி அடுத்த தாளுக்கும் போயிருந்தது.

“சாப்பாட்டுக்கு முன்னால குடுக்கணும்னு ஒருத்தர் சொல்றாரு. வெறும் வயித்துல குடுக்கவே கூடாதுன்னு இன்னொருத்தர். சாப்பாட்டுக்கு முன்னால வயிறு வெறுசா இல்லாம வேற எப்படிங்க இருக்கும்?”

“ம்.”

“ஒரு அங்குலத் துண்டுன்னு போட்டிருக்கு. நீளமா ஒரு அங்குலமா, சுத்தளவா?”

“கடையிலிருந்து வேணும்னா டேப் கொண்டாறேன்.”

“சின்னப் புள்ளைங்களுக்கு மிகக் கொஞ்சமாம். மிகக் கொஞ்சம்னா எவ்வளவு? ஒரு ஸ்பூன் குடுக்கவா? தேக்கரண்டியால ஒண்ணு?”

அவர் பதில் சொல்வதற்குள் இடப் பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்தது. எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு சுவர் உண்டு. எந்தச் சுவரும் கூரையைத் தொடுவதில்லை. மேலே திறந்திருக்கும் அந்த இடைவெளியில் ஏழு வீட்டுப் பேச்சும் தாராளமாகப் போய் வரும்.

“தோலைச் சீவிருங்க டீச்சர்! இஞ்சித் தோலு வயித்துக்கு ஆகாது!” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்களில் வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடுகிறவர் அவர் ஒருவர்தான்.

வலது கோடி வீட்டிலிருந்து இன்னொரு குரல். முன்பு கொழுந்து நிறுக்கும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமா. “சாறைத் தெளிய வைக்கணும்மா. அடியில வெள்ளையாப் படியும். அதை ஊத்திப்புட்டு மேல் தண்ணியைத்தான் எடுக்கணும்.”

இரண்டையும் எழுதிக்கொண்டேன். கணவர் கூரையைப் பார்த்து, “ரொம்ப நன்றிங்க,” என்றார்.

மறுநாள் தொடங்கினேன். தோல் சீவி, துருவி, பிழிந்து, தெளியவைத்து, மேல்சாற்றில் சில சொட்டுகளை வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டு, நகக்கண் அளவு கித்துள் பனைக் கருப்பட்டி கரைத்து, தேக்கரண்டியால் ஒரே ஒரு முறை. மத்தியானச் சோற்றுக்கு அரை மணித்தியாலம் முன்னால். மகள் நாக்கைச் சப்பிக்கொண்டு குடித்தாள். கையை விரித்து இன்னும் கேட்டாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அரை மணித்தியாலம் கழித்து சோற்றைப் பிசைந்து கொண்டுபோனேன். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

முதல் நாள்தானே என்று விட்டேன். ஒரு வாரம் போனது. முன்பு நாலு வாய் சாப்பிட்டவள் இப்போது இரண்டோடு எழுந்தாள். கொப்பியில் சந்தேகங்கள் கூடின. தோலை ஆழமாகச் சீவிச் சத்தையும் எறிந்துவிட்டேனோ? தெளிவு போதவில்லையோ? அரை மணித்தியாலம் என்பது இருபத்தைந்து நிமிடமாக இருந்துவிட்டதோ?

“இஞ்சியில கோளாறா இருக்கும்,” என்றார் கணவர். “மாத்திப் பார்ப்போம்.”

பதுளைக் கடைவீதியில் அவர் மரக்கறி வாங்கும் கடைக்கார நானாவிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். நானா ஒரு கிழங்கை முறித்து முகரக் கொடுத்து, பிள்ளைக்கென்றால் நார் ஓடாத இளம் இஞ்சிதான் வேண்டும் என்று பொறுக்கித் தந்தாராம். அடுத்த வாரம், முற்றிய இஞ்சிக்குத்தான் வேகம் அதிகம் என்று அதே நானா முற்றியதைத் தந்தார்.

“போன வாரம் வேற மாதிரில்ல சொன்னாரு?”

“போன வாரம் அவர்கிட்ட இளசுதான் இருந்துச்சு,” என்றார் கணவர்.

இரண்டு வாரம் முடிந்தது. மகள் சுறுசுறுப்பாக ஓடினாள், சிரித்தாள், சோற்றை மட்டும் தொடவில்லை. எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. துண்டும் கையுமாகப் பதுளை ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பதுபோலவும், பெரிய டொக்டர் என்னைப் பார்த்து, படித்த அம்மாதானே என்று கேட்பதுபோலவும் பகலிலேயே கனவு வந்தது.

பிறகு ஒருநாள் வீட்டில் இஞ்சி தீர்ந்துபோனது. அன்று மத்தியானம் மகள் வெளியிலிருந்து ஓடிவந்து மடியில் ஏறி, என் முகத்துக்கு நேராக ஒரு பெரிய ஏப்பம் விட்டாள்.

இஞ்சி மணத்தது.

குனிந்து அவள் வாயை முகர்ந்தேன். சந்தேகமில்லை. அதுவும் நன்றாக முற்றிய இஞ்சி.

மறுநாள் காலை வாளியை எடுத்துக்கொண்டு, “அம்மா பீலிக்குப் போறேன்,” என்று சொல்லிவிட்டு, தண்ணீர் விழும் அந்தப் பீலிவரைக்கும் போகாமல் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். பெரட்டு நேரம். பெயர் பதிந்து மலைக்குப் போகும் அவசரத்தில் எல்லா வீட்டிலும் அடுப்பும் ஆட்களும் ஒன்றாகக் கொதித்துக்கொண்டிருந்தார்கள். மகள் வெளியே வந்தாள். கையில் அவளுடைய சின்னச் சில்வர் கப். அக்கா வீட்டு வாசலில் போய் நின்று கப்பை நீட்டினாள். அக்கா உள்ளேயிருந்து கேத்தலோடு வந்து, இரண்டு பக்கமும் பார்த்து, கப்பில் கொஞ்சம் ஊற்றினார். ஊற்றியதும் மகள் மற்றக் கையை விரித்தாள். எங்கள் லயத்தில் தேத்தண்ணீரில் சீனி கலக்கிறவர்கள் குறைவு. உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே குடிப்பதுதான் பழக்கம். அக்கா அந்தச் சின்ன உள்ளங்கையில் கருப்பட்டித் துண்டு ஒன்றை வைத்தார். மகள் நின்ற இடத்திலேயே குடித்து முடித்து, கையை நக்கி, அடுத்த வாசலுக்கு நடந்தாள்.

அங்கேயும் கேத்தல் வந்தது. அங்கேயும் கருப்பட்டி. கடைசி வாசலில் மாமா நாற்காலி போட்டுத் தயாராகக் காத்திருந்தார்.

ஆறு வாசல். நான் எண்ணியது காலைச் சுற்றை மட்டும். மலையிலிருந்து எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது இரண்டாவது சுற்றையும் பார்த்தேன். அது முடிந்து பத்து நிமிடத்தில் நான் சோற்றுக் கோப்பையோடு அவள் முன்னால் போய் உட்கார வேண்டிய நேரம்.

எனக்கு யாரோடும் சண்டை பிடிக்க வராது. பிடித்தாலும் நான் சொன்னது சரியா என்று பிறகு இரண்டு நாள் யோசிப்பேன். ஆனாலும் கிளினிக் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வேலை விட்டு வந்து கால் கழுவிய பிறகு எல்லோரையும் எங்கள் இஸ்தோப்புத் திண்ணைக்குக் கூப்பிட்டேன். மகள் முன்வாசலில் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

“வந்து... யாராவது இவளுக்கு இஞ்சித் தண்ணி குடுக்கிறீங்களா?”

ஆறு வீட்டாரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள்.

அக்காதான் முதலில் வாய் திறந்தார். “நான் ஒரு வாய்தாங்க டீச்சர். நீங்க ஒரு ஸ்பூன்னு பேசிக்கிட்டீங்க. அது எறும்புக்குக்கூடப் பத்தாதே. சொன்னா சங்கடப்படுவீங்களேன்னு சொல்லாமக் குடுத்தேன்.”

“நீயுமா?” என்றார் இரண்டு வீடு தள்ளியிருப்பவர். “நான் மட்டுந்தான் குடுக்கிறேன்னுல்ல நெனச்சேன்!”

“நீ குடுக்கிறது தெரிஞ்சா நான் ஏன்டி அடுப்புல ஏத்துறேன்?”

“புள்ள கப்பை நீட்டுதே, எப்படி இல்லேன்னு அனுப்புறது?”

“என்கிட்ட வர்றப்ப அப்பத்தான் மொதத் தடவையா குடிக்கிற மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கும்!”

எல்லோரும் திரும்பி மகளைப் பார்த்தார்கள். அவள் மண்ணைச் சல்லடையில் சலித்துக்கொண்டிருந்தாள்.

மாமா தொண்டையைச் செருமினார். “ஆறு வாசல். காலையில ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம். பன்னண்டு வாய்த் தண்ணி, பன்னண்டு துண்டு கருப்பட்டி. டீச்சரம்மா ஸ்பூன் தனி. இந்தப் புள்ளைக்கு வயிறு எவ்வளவு இருக்கும்? அதோட கைப்பிடி அளவு. சோறு எங்க போயி உக்காரும்?” கொஞ்சம் நிறுத்தி, “கொழுந்து நிறுக்கிறப்ப ஈரத்துக்குன்னு நிறையில கொஞ்சம் கழிப்போம். இதுக்குக் கழிச்சா ஒண்ணும் மிஞ்சாது,” என்றார்.

“ஆமா, நீங்க கழிக்காததா!” என்று அக்கா பிடித்துக்கொண்டார். “மண்டையப் பொளக்குற வெயில்லயும் ஈரம் ஈரம்னு கழிச்ச ஆளுதானே!”

“பனி இருந்துச்சு.”

“பன்னெண்டு மணிக்கா?”

சிரிப்பில் இஸ்தோப்பு அதிர்ந்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பயந்தேன். இனிக் கொடுக்காதீர்கள் என்று சொல்ல வேண்டும். ஆனால் வாசலுக்கு வந்த பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பாத ஆட்களிடம் அதை எப்படிச் சொல்வது? சொன்னால், டீச்சருக்கு நம் வீட்டுத் தண்ணீர் ஆகவில்லை என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் துண்டு. கடைசியில் யோசிக்காமல் ஒரு வார்த்தை வந்தது. நான் யோசிக்காமல் சொன்ன வார்த்தைகள் குறைவு என்பதால் இன்றும் நினைவிருக்கிறது.

“கப்பை நீட்டினா ஒரு வாய் சோறு குடுங்களேன். இஞ்சியைக் கறியில போட்டுக்குங்க.”

“அப்படிச் சொல்லுங்க!” என்றார் அக்கா, ஏதோ நான் இத்தனை நாள் தடுத்து வைத்திருந்தது போல.

அடுத்த நாளிலிருந்து கப்பை ஒளித்துவிட்டு மகள் கையில் ஒரு சின்னத் தட்டைக் கொடுத்தேன். அவள் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு புறப்பட்டாள். அக்கா வீட்டில் பருப்பில் இஞ்சியைத் தட்டிப் போட்டு, சோற்றோடு குழைத்து ஒரு வாய். அடுத்த வீட்டில் முட்டையை இஞ்சியோடு அடித்துப் பொரித்து ஒரு துண்டு. அதற்கடுத்த வீட்டில் நெத்தலிக் கருவாட்டின் வெடில் வாடை தெரியாமல் இஞ்சி அரைத்துவிட்ட குழம்பு. மாமா தனக்குச் சமைக்கத் தெரிந்த ஒரே பொருளான தேங்காய் ரொட்டியில் இஞ்சியைத் துருவிப் போட்டுச் சுட்டார். அது நன்றாக இருந்ததாக அவர் மட்டும் சொன்னார். நான் வீட்டில் வைத்தால் வாயை மூடுகிறவள், வாசலில் நின்று வாங்கினால் மென்று விழுங்கினாள். மிளகாய் மட்டும் வேண்டாம் என்று ஒவ்வொரு வீட்டிலும் போய்ச் சொல்லிவந்தேன். உப்பைப் பற்றியும் சொல்லியிருக்கலாமோ என்று வழியில் தோன்றித் திரும்பவும் போனேன். “உப்பும் கம்மிதாங்க டீச்சர், போய்ப் படுங்க,” என்றார் அக்கா.

கிளினிக் நாள் வந்தது. புறப்படுகிற நேரத்தில் அக்கா சுவரில் தட்டினார்.

“டீச்சர், போறப்ப ரெண்டு கப் தண்ணி குடுத்துட்டுப் போங்க. ஈரக் கொழுந்துதான் நிறுவையில நிக்கும்.”

“அது பிழை இல்லையா அக்கா?”

“பிழைதான். துண்டு எழுதினா பதுளைக்கு நீங்கதானே அலையணும்?”

நான் அந்த மாதிரி ஆள் இல்லை என்று சொல்லத்தான் ஆசை. அடுப்படியில் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வெயிலாக இருக்கிறது, பிள்ளைக்குத் தாகமெடுக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுக் கப் கொடுக்க மனம் வரவில்லை; கொடுக்காமல் விடவும் வரவில்லை. அரைக் கப் கொடுத்தேன்.

டிஸ்பென்சரி வரிசையில் நின்ற அரை மணித்தியாலமும் அந்த அரைக் கப்பைச் சொல்வதா விடுவதா என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் முறை வந்தது. மகளுக்குத் துணிக் காற்சட்டையை மாட்டித் தராசில் தொங்கவிடப் போகும்போது என்னால் முடியவில்லை.

“மிஸ், இவ அரைக் கப் தண்ணி குடிச்சிருக்கா.”

மிட்வைஃப் மிஸ் நிமிர்ந்தார். “அதுக்கென்ன?”

“நிறை கூடட்டும்னு குடுத்தேன்.”

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் பக்கத்திலிருந்தவரிடம், “நாங்க முழுக் கப்பே குடுத்தோம், வாயைத் திறந்தமா?” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். மிஸ்ஸுக்குக் காது கூர்மை.

“யாரு அது?”

வரிசை முழுவதும் கொழுந்து மலையைப் பார்த்தது. மிஸ் பேனாவை மூடினார். எல்லாப் பிள்ளைகளையும் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் ஒண்ணுக்கு விட்டுவிட்டு வந்தால்தான் நிறுவை நடக்கும் என்றார். டிஸ்பென்சரிக்குப் பின்னால் கல்வேலி ஓரமாகப் பத்துப் பன்னிரண்டு அம்மாமார் குந்தி உட்கார்ந்து “ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்...” என்று ஒரே குரலில் இழுத்தோம். பாதி முறைப்பு, பாதி சிரிப்பு. என்மேல்தான் எல்லாப் பார்வையும். மற்றப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு போனார்கள். என் மகள் மட்டும் வேலியில் ஊர்ந்த எறும்புகளை ஆற அமரப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளும் மனமிறங்கினாள்.

தராசில் அவளைத் தொங்கவிட்டபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மிஸ் அட்டையில் புள்ளி வைத்துவிட்டிருந்தார். பழைய புள்ளியிலிருந்து பேனா புறப்பட்டது. நேராகப் போகவில்லை. மேல்நோக்கிச் சாய்ந்து போனது.

“முந்நூறு கிராம் கூடியிருக்கு. இன்னும் ஏறணும். ஆனா துண்டு வேணாம்.” பிறகு என்னைப் பார்த்தார். “என்ன குடுத்தீங்க?”

“ஆறு வீட்டுச் சாப்பாடு, மிஸ். எல்லாத்திலயும் இஞ்சி போட்டது. இஞ்சியாலதான் கூடுச்சா மிஸ்?”

“கறியில போடுங்க, நல்லதுதான். அதோட விடுங்க. சாப்பாட்டுக்கு முன்னால தண்ணி, இனிப்பு, தேத்தண்ணி ஒண்ணும் வேணாம்.” அட்டையை என் கையில் வைத்தார். “உண்மையைச் சொன்னதுக்காகத்தான் ஏசாம விடுறேன்.”

வெளியே வந்து சந்திக்கடைவரை நடந்தோம். அட்டையை விரித்து அந்தச் சாய்ந்த கோட்டை இரண்டு முறை பார்த்தேன். சரியாகத்தான் போட்டாரா, புள்ளி ஒரு கட்டம் தள்ளி விழுந்துவிட்டதா என்று மூன்றாம் முறையும் பார்த்தேன். அப்போது மகள் என் சேலையை இழுத்தாள்.

“பசிக்குது.”

அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து எத்தனை நாளாயிற்று! நிறுவையையே நினைத்துக்கொண்டு வந்ததில் பையில் சாப்பிட ஒன்றும் எடுத்துவரவில்லை. கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் உளுந்து வடை ஆவி பறந்தது. ஒன்று வாங்கிப் பிய்த்துக் கொடுத்தேன். பெஞ்சில் கால் ஆட்டிக்கொண்டு, முழு வடையையும் முனைந்து தின்றாள். இடையிடையே மெல்வதை நிறுத்தி, வடைக்குள் அகப்பட்ட இஞ்சித் துண்டுகளை ஒவ்வொன்றாக நாக்கு நுனியில் தள்ளி, விரலால் எடுத்து, முகத்தைச் சுளித்து, என் உள்ளங்கையில் வைத்தாள்.

தட்டு காலியானதும் கடைக்காரரிடம் இன்னொன்று கேட்டாள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு எண்ணெய்ப் பலகாரம் இரண்டாவதும் கொடுக்கலாமா என்று யோசித்தேன். நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் கொடுத்துவிட்டார்.